மாலை போட்ட மூன்றாம் ராத்திரி: ஒரு கொத்தனாரின் குடிநோய், நிகழ்வு ஆய்வு

புதன்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்த வீட்டில் கொத்தனார் சுவர் பூசிக்கொண்டிருந்தார். கையில் கரண்டி இல்லை, சட்டியில் சாந்தும் இல்லை. கீழே குனிந்து வெறுங்கையால் எதையோ வழித்து எடுப்பார், சுவரில் வீசி அடிப்பார், மணியாசுக் கட்டையால் தேய்க்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். நடுநடுவே மூலையைப் பார்த்து, "ஏலே, தண்ணி தெளிலே, காயுது பாரு" என்று அதட்டினார். அங்கே யாரும் இல்லை. பனியன் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. கழுத்தில் திங்கட்கிழமை காலையில் போட்ட குலசை முத்தாரம்மன் மாலை.

அம்மன் இறங்கிவிட்டாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அது புரட்டாசி, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஊரெல்லாம் மாலை போட்டிருந்த சமயம். மாலை போட்டவர் நடுங்குகிறார், வேர்க்கிறார், யாரும் காணாததைக் கண்டு பேசுகிறார் என்றால் வேறென்ன நினைப்பார்கள்? திருநீறு பூசி, சூடம் காட்டி, "தாயே, என்ன கொற வச்சோம்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். அதில் நான்கு மணி நேரம் போனது. உயிர் போகக்கூடிய நான்கு மணி நேரம் அது.

இங்கே வரும் கொத்தனார் தனி ஒருவர் அல்ல. முக்கூடல், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் நடக்கக்கூடியவற்றை, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒரே ஆளாகக் கோத்திருக்கிறோம். நோயின் போக்கும் மருந்தும் நேரக்கணக்கும் மருத்துவத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

அருளா, நோயா

இந்த வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அருள் வந்து ஆடுகிறவருக்கு மேளமோ குலவையோ ஒரு தூண்டுதல் இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் மலையேறிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு, "எந்த ஊர், என்ன கிழமை" என்று கேட்டால் சரியாகச் சொல்வார். குடியைச் சட்டென்று விட்டதால் வரும் சித்தக் குழப்பம் அப்படி நிற்காது. இரவானால் கூடும், விடிந்தால் சற்றுத் தணியும், மறுபடி கூடும். கிழமை தெரியாது, தான் இருக்கும் இடம் தெரியாது, சில நேரம் பெண்டாட்டியையே தெரியாது. சுவரில் எறும்பு, பல்லி, பாம்பு தெரியும். போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார்கள். செய்துவந்த தொழிலைக் காற்றில் செய்வார்கள்: டிரைவர் ஸ்டீரிங் பிடிப்பார், பனையேறி பாளை சீவுவார், கொத்தனார் சுவர் பூசுவார். தொட்டால் உடம்பு சுடும், நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டி ஓடும்.

இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். வார்டு பேச்சில் 'டி.டி.' கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 48 முதல் 96 மணிக்குள் தொடங்கும். அதனால்தான் மூன்றாம் ராத்திரி.

குடும்பம் பார்த்தும் பார்க்காமல் விட்டவை

வயது 43. முதல் குடி 22-ஆவது வயதில், தளம் போடுகிற அன்று. கான்கிரீட் போடும் நாளில் வேலையாட்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுப்பது இன்றும் பல சைட்டுகளில் கூலியின் ஒரு பகுதி மாதிரியே நடக்கிறது. 30 வயது வரை சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு குவார்ட்டர். 35-இல் அது தினசரி ஆனது, 39-இல் ஆஃப் ஆனது. கடைசி இரண்டு வருஷம் சாயங்காலம் ஆஃப், காலையில் 'பிளாக்'கில் ஒரு கட்டிங்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் சாராயச் சத்து 42.8 சதவீதம். குவார்ட்டர் என்பது 180 மில்லி; அதில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஆஃப் 375 மில்லி, கட்டிங் 90 மில்லி. இரண்டும் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 157 கிராம். சாதாரண ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது 7 முதல் 10 கிராம்தான். பத்து கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாக எண்ணும் கணக்கில், 'ஒரு குவார்ட்டர்தானே' என்று சொல்லும் ஆள் ஆறு அளவு குடிக்கிறார்.

அந்தக் காலைக் கட்டிங்தான் இந்த வரலாற்றில் முக்கியம். அரசு மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இவருக்குக் காலை 6 மணிக்கே கை நடுங்குகிறது. இடையில் ஆறு மணி நேரம். அதைக் கடக்கக் கூடுதல் விலை கொடுத்துத் திருட்டுச் சரக்கு வாங்குகிறார். அது போதைக்காக அல்ல, நடுக்கம் நிற்க. போதைக்குக் குடிப்பவர் சாயங்காலத்தை எதிர்பார்ப்பார். நடுக்கத்துக்குக் குடிப்பவர் விடிவதற்கே பயப்படுவார். இந்தக் கோட்டைத் தாண்டியவரிடம் 'மனசு வச்சா விடலாம்' என்று சொல்லிப் பயனில்லை, ஆபத்தும் உண்டு.

விசாரித்தபோது வீட்டாருக்கு எல்லாமே ஞாபகம் வந்தது. பல் தேய்க்கும்போது ஓங்கரிப்பு. டீக்கடையில் கிளாஸை முக்கால் மட்டும் ஊற்றச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது. சொந்தக் கையால் சவரம் செய்வதை விட்டது. பத்து மணிக்கு முன் தூக்குக்குண்டு பிடிக்கும் வேலையைக் கையாளிடம் தள்ளிவிடுவது. குண்டு ஆடுவது நூலால் அல்ல என்று அவருக்குத் தெரியும். காலைச் சாப்பாடு நின்று ஒரு வருஷம். முகம் உப்பி, கை கால் மெலிந்தது.

குடிநோய் என்று சொல்ல மருத்துவம் ஆறு அடையாளம் வைத்திருக்கிறது: அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த முடியாமை, விட்டால் உபாதை, அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, மற்ற ஆசைகளும் கடமைகளும் உதிர்ந்துபோவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. ஒரு வருஷ காலத்துக்குள் மூன்று சேர்ந்து இருந்தால் போதும். இவரிடம் ஆறும் இருந்தன. வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை, 20-ஐத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். இவர் 31.

பிரேக்கும் ஆக்சிலேட்டரும்

"மூணு நாளா அவிய தொடவே இல்ல சார். குடிச்சாத்தான ஆடணும்? குடிக்காம இருக்கையில ஏன் இப்படி ஆடுதாவ?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

மாஞ்சோலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஒருவர் இருபது வருஷமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். வண்டி நின்றுவிடக் கூடாது என்று என்ஜின் தன்பாட்டுக்கு ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டே வருகிறது. மது மூளையின் பிரேக்கை, அதாவது காபா என்ற வேதிப்பொருளின் வேலையை, அழுத்துகிறது. ஈடுகட்ட மூளை குளுட்டமேட் என்ற விசையை ஏற்றுகிறது. ஒரே நாளில் மதுவை எடுத்தால் பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று, ஆனால் ஆக்சிலேட்டர் முழுதாக அழுந்தியபடியே நிற்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, வலிப்பு, குழப்பம் எல்லாம் அந்த வேகம்தான்.

நேரக்கணக்கு ஏறக்குறைய ஒழுங்காக ஓடும். 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், குமட்டல், தூக்கமின்மை. 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து டி.டி. கொத்தனார் கடைசியாகக் குடித்தது ஞாயிறு ராத்திரி 10 மணிக்கு. திங்கள் காலை குளித்து மாலை போட்டார். செவ்வாய் சாயங்காலம் 6 மணிக்கு, 44-ஆவது மணி நேரத்தில், திண்ணையிலிருந்து விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. புதன் ராத்திரி சுவர் பூச்சு.

"போன வருஷம் மாலை போட்டப்ப ஒண்ணும் ஆவலையே" என்று மைத்துனர் சொன்னார். ஆகாததற்கும் இப்போது ஆனதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தடவை சட்டென்று விட்டு மறுபடி தொடங்கும்போதும் மூளை அடுத்த தடவைக்கு இன்னும் எளிதாகக் கொதிக்கப் பழகுகிறது. இவர் அதற்கு முன் நான்கு தடவை விட்டிருக்கிறார். முதல் தடவை தூக்கம் மட்டும் போனது, இரண்டாவதில் நடுக்கம், நான்காவதில் காதில் குரல். ஐந்தாவது இது. போன தடவை தாங்கியதை வைத்து இந்தத் தடவையைக் கணிக்கக் கூடாது.

விரதத்தைக் குறை சொல்ல இடமில்லை. மாலை இந்த ஊரில் பலமான பிடிமானம். கழுத்தில் மாலை இருக்கும் ஆளுக்கு ஊற்றிக் கொடுக்க எவனும் துணியமாட்டான், அந்தக் காவலை எந்த மாத்திரையும் தராது. பிழை வரிசையில்தான். தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் குடிக்கிறவர், மாலை போடப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாக டாக்டரைப் பார்த்து, மருந்தோடு குடியிலிருந்து இறங்கிவிட்டு, பிறகு மாலை போடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்த பிழை

வலிப்பு வந்தபோது வீட்டார் பக்கத்து ஊர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மாலை போட்டவர் என்பதால் குடிப்பழக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அங்கேயும் கேட்கவில்லை. 'விரதத்தில் மயக்கம்' என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, வலிப்புக்கு ஃபெனிடாய்ன் மாத்திரை எழுதி அனுப்பினார்கள். இதில் மூன்று கோளாறு இருக்கிறது.

ஃபெனிடாய்ன் மற்ற வலிப்புக்கு நல்ல மருந்து. குடி விட்டதால் வரும் வலிப்பைத் தடுக்க அது உதவாது. இரண்டாவது, குளுக்கோஸ். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் மூளையின் ஒரு பகுதி பட்டினியில் சேதமாகும். அதற்கு வெர்னிக் நோய் என்று பெயர். தடுமாறும் நடை, கண்விழி ஆட்டம், குழப்பம் என்று வரும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகும். ஆகவே தயமின் ஊசி முதலில், அல்லது கூடவே. சர்க்கரை அபாயமாகக் குறைந்திருந்தால் மட்டும் தயமினுக்காகக் காத்திராமல் குளுக்கோஸ் கொடுக்கத்தான் வேண்டும். மூன்றாவது கோளாறுதான் பெரியது: வீட்டுக்கு அனுப்பியது. மருந்தில்லாமல் விட்டால், இந்த வகை வலிப்பு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் டி.டி.க்குப் போகிறார்.

குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எதற்குப் போனாலும், முதலில் சொல்லவேண்டிய வாக்கியம் இதுதான்: 'தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது இன்ன நேரம்.' காலொடிந்து ஆபரேஷனுக்குப் படுத்த இடத்தில் மூன்றாம் நாள் டி.டி. வருவது எலும்பு வார்டில் புதிதல்ல. வெட்கப்பட்டு மறைத்ததன் விலை அது.

வார்டில்

வியாழன் விடியற்காலை 108 ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். காய்ச்சல் 101, நாடி 128, ரத்த அழுத்தம் 170/104. கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது.

குழப்பம் என்றதும் குடியோடு முடிச்சுப்போட்டு நிறுத்திவிடக் கூடாது. விழுந்தவர் என்பதால் தலைக்கு சி.டி. ஸ்கேன், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், நிமோனியா இருக்கிறதா, ஈரல் கெட்டதால் வந்த மயக்கமா என்றும் பார்க்கவேண்டும். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவு. ஈரல் சோதனையில் பார்க்கும் இரண்டு நொதிகளில் ஏ.எஸ்.டி. அளவு ஏ.எல்.டி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல். குடியால் கெட்ட ஈரலின் வழக்கமான கையெழுத்து அது.

முதல் மருந்து பென்சோடயசெபின் வகை. கைவிட்டுப்போன பிரேக்கைக் கொஞ்ச நாள் இது மிதித்துப் பிடிக்கும், பிறகு மெல்ல விடும். வழக்கமாக டயசெபாம் அல்லது குளோர்டயசெபாக்சைடு. இவருக்கு ஈரல் பழுது என்பதால் உடம்பில் தேங்காத லோரசெபாம். ஊசியாகத் தொடங்கி, அமைதியான தூக்கம் வரும்வரை அளவைக் கூட்டி, பிறகு ஏழெட்டு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். உபாதையை அளக்க 'சீவா' என்ற பத்துக் குறி அட்டவணை உண்டு, மொத்தம் 67. ஆனால் 'குமட்டுதா, தலை வலிக்குதா' என்று நோயாளியிடம் கேட்டு நிரப்பவேண்டிய அட்டவணை அது. கிழமையே தெரியாதவரிடம் செல்லாது. அங்கே நாடி, வேர்வை, பரபரப்பு இவற்றைப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும்.

தயமின் 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, உப்புநீரில் கலந்து அரை மணி நேரம் சொட்டவிட்டு, மூன்று நாள், பிறகு நாளுக்கு 250 என்று ஐந்து நாள், அதன்பின் மாத்திரை. ஆரம்பத்தில் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பயனில்லை, குடித்துப் புண்ணான குடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

மருந்துக்கு ஈடாக வேலை செய்த ஒன்று, விளக்கு. இருட்டறையில் ஒவ்வொரு நிழலும் அவருக்குப் பாம்பு. வெளிச்சம், கண்ணில் படும்படி ஒரு சுவர்க்கடிகாரம், மாறாத ஒரே துணையாள், மணிக்கொரு தரம் 'இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை' என்ற வாக்கியம். முதல் ராத்திரி மைத்துனர் துண்டால் கையைக் கட்டப் போனார். கட்டினால் முறுக்குவார், முறுக்கினால் காய்ச்சலும் தசைச்சேதமும் கூடும் என்று தடுத்தார்கள். ஞாயிறு காலை கண்ணைத் திறந்து, "மாலைய யாரு கழட்டுனது?" என்று கேட்டார். அதுதான் தெளிவு திரும்பியதன் முதல் குறி.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்துக்கடையில் டயசெபாம் வாங்கி வீட்டிலேயே இறக்கலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். அந்த மருந்தோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு நிற்கும். தவிர அதுவே அடிமைப்படுத்தும் மருந்து. லேசான நிலையில் வீட்டிலிருந்தே விட முடியும்தான். ஆனால் முன்பு வலிப்போ டி.டி.யோ வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், தனியாக இருப்பவர், நாளுக்கு ஆஃபுக்கு மேல் போகிறவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

பத்தாம் நாள் மைத்துனர் தனியாக வந்து கேட்டார்: "அத்தானுக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்க ஒரு மாத்திரை இருக்காம்லா டாக்டர்? அத எழுதிக் குடுத்துருங்க."

இருக்கிறது. டைசல்ஃபிரம். மது உடம்பில் உடையும்போது பாதியில் வரும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை மேற்கொண்டு உடையவிடாமல் தடுக்கும். மாத்திரை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயோ ஈரல் நோயோ உள்ளவர் செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த எதிர்வினை வரும். தெரிந்து, சம்மதித்து, குடித்து 12 மணி நேரமாவது ஆனபின், வீட்டார் கண்முன் விழுங்குகிறவருக்கு அது நல்ல வேலி. தெரியாமல் கொடுத்தால் விஷம் வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. தெரியவந்த அன்றோடு அவர் அந்த வீட்டுச் சாப்பாட்டையும் நம்பமாட்டார், ஆஸ்பத்திரியையும் நம்பமாட்டார். இவருக்கு ஈரலும் இடம் தரவில்லை. மறுத்துவிட்டார்கள்.

அதற்குப் பதில், வேட்கையைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட்: 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. ஈரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்கினார்கள். நடைமுறையில் மதிய வேளை தவறிக்கொண்டே இருந்தது. சாரத்தின் மேல் நிற்கிறவர் சட்டைப் பையில் மாத்திரை வைத்தால் சிமென்ட்டும் வேர்வையுமாகிவிடும். மனைவி பீடி சுற்றுகிறவர். சொளவை மடியில் வைத்தபடியே பீடிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கோடு இழுத்து, வேளைக்கொரு டிக் போட்டுவந்தார். ஒரு மாதத்து மதியக் கட்டத்தில் பதினொன்று காலி. ஆறாம் வாரம் ஈரல் சோதனை இறங்கியிருந்ததால் நால்ட்ரெக்சோனுக்கு மாற்றினார்கள்: முதலில் 25, பிறகு 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின். வலிமாத்திரைகளில் ஓபியம் வகை எடுப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. டைசல்ஃபிரம் போலக் குடியோடு மோதாது. குடிக்கும் சுகத்தை மந்தப்படுத்தி வேட்கையைக் குறைக்கும்.

பேச்சுச் சிகிச்சை என்றால் புத்திமதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவரிடம் முதலில் கேட்டது, குடியில் என்ன பிடிக்கும் என்று. "முதுகு வலி தெரியாது. ஒறக்கம் வரும். மேஸ்திரி ஏசுனா காதுல ஏறாது." பிடிக்காதது? கொஞ்ச நேரம் பேசவில்லை. "எம்மவ பள்ளிக்கூடத்து மீட்டிங்குக்கு நீ வராண்டாம்பான்னுட்டா." விட முடியும் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றதற்கு நாலு என்றார். 'ரெண்டு போடாம ஏன் நாலு போட்டிய?' என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த இரண்டு மார்க்குக்கான காரணங்களை அவரே சொல்லவேண்டும். டாக்டர் சொன்னால் பலிக்காது.

சனிக்கிழமை

வீடு திரும்பியபின் செய்த ஏற்பாடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலத்தைச் சுற்றியே இருந்தன. சம்பளம் மேஸ்திரி கையிலிருந்து மனைவியின் பேங்க் கணக்குக்கு நேரே போனது. பஸ் மதுக்கடைக்குப் பக்கத்து ஸ்டாப்பில் நிற்கும் என்பதால் ஒரு ஸ்டாப் முன்பே இறங்கி நடந்தார். நாலரை மணிக்குச் சுண்டலோ வடையோ வயிற்றில் இருக்கவேண்டும். பசி, கோபம், தனிமை, அலுப்பு இந்த நான்கில் எது வந்தாலும் வேட்கை எழலாம். எழும் வேட்கை பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். அதற்குள் யாருக்காவது போன் செய்து பேசிக்கொண்டே நடப்பது வழி. தூக்கம் வாரக்கணக்கில் ஒழுங்குக்கு வராது. பலர் அங்கேதான் மறுபடி குப்பியைத் தேடுகிறார்கள். இது மூளை ஆறும் காலம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் குறையும்.

71-ஆம் நாள் குடித்தார். பெரியப்பா வீட்டுத் துட்டி. எரித்துவிட்டு வந்த கூட்டத்தில் பிளாஸ்டிக் கப் கைமாறியது. கட்டிங்கில் தொடங்கி குவார்ட்டரில் நின்றது. மறுநாள் மனைவி அழுததோடு நிற்காமல் உடனே அழைத்து வந்தது நல்லதாய்ப் போயிற்று. சறுக்கியது ஒரு நாள். அதை 'எல்லாம் போச்சு' என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். திட்டாமல், அன்று எந்த இடத்தில் எந்த நிமிடம் கை நீண்டது என்று பின்னோக்கி நடந்து பார்த்தார்கள். காலையிலிருந்து சாப்பாடு இல்லை, முந்தின நாள் ராத்திரி மாத்திரையும் தவறியிருந்தது. அதன்பின் துட்டி வீடு, கோயில் கொடை, கல்யாணம் எதற்கும் மைத்துனர் கூடவே போவது என்று முடிவானது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் சர்ச் மண்டபத்தில் நடக்கிறது என்பதற்காகத் தயங்கினார். 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகளே தொடங்கிய அமைப்பு அது, மதமோ கட்டணமோ கிடையாது என்று தெரிந்தபின் வாரம் ஒரு தடவை போனார். தன்னைப் போலவே டி.டி.யில் வெறுங்கையால் வேலை செய்த ஒரு லாரி டிரைவரை அங்கே சந்தித்தது எந்தப் பாடத்தையும்விட உதவியது.

மனைவியிடம் 'நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்திட்டிய' என்று சொல்லும் வழக்கம் ஆலோசகர்களிடமும் உண்டு. ஆயிரம் பீடி சுற்றி அரிசி வாங்குகிறவரிடம் அதைச் சொல்லக் கூடாது. மேஸ்திரிக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதை நிறுத்தலாம், கடனை அவருக்காக அடைப்பதை நிறுத்தலாம். போதையில் இருக்கும்போது சண்டையிடாமல் காலையில் பேசலாம். கை நீட்டினால் பிள்ளைகளோடு வெளியேற எங்கே போவது என்று முன்பே முடிவுசெய்து வைக்கலாம்; 181 பெண்களுக்கான உதவி எண்.

'வண்டியில வந்து தூக்கிட்டுப் போவோம்'

மைத்துனர் இடையில் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கும் பேசியிருந்தார். ராத்திரி ஆள் அனுப்பித் தூக்கிவிடுவார்கள், ஆறு மாதப் பணம் முன்கூட்டியே, மூன்று மாதம் வீட்டார் பார்க்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது. கேட்கவேண்டியவை: உரிமம் எங்கே மாட்டியிருக்கிறது, டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், முதல் வார உபாதைக்கு யார் மருந்து தருகிறார், போனில் பேசவிடுவார்களா. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. சங்கிலியில் கட்டுவது அதில் தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் கருகியதை நாடே பார்த்தது (ராமநாதபுரத்து ஏர்வாடி, நம் களக்காட்டுப் பக்கத்து ஏர்வாடி அல்ல).

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம். வலிப்பு, குழப்பம், ரத்த வாந்தி என்றால் போன் ஆலோசனை வேண்டாம், நேரே 108.

இந்த வீட்டில் பையனைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. அவன் கூட்டாளிகளிடம் வலிமாத்திரைப் பழக்கம். டபென்டடால் போன்ற அந்த மாத்திரைகளின் அடையாளம் வேறு: கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு, விட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், பேதி. நிறுத்துவதால் உயிர் போவது அபூர்வம். சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுப்பதில்தான் மூச்சு நிற்கும். அதற்கும் ஓ.பி.யில் மருந்து உண்டு.

பதினோராம் மாதம் வந்தபோது கொத்தனாருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. புரட்டாசி வருகிறது, இந்த வருஷமும் மாலை போடவேண்டும். ஒருபொழுதில் மாத்திரை சேருமா? வெறும் வயிற்றில் நால்ட்ரெக்சோன் குமட்டும், ஆகவே சாப்பிடும் அந்த ஒரு வேளைக்குப் பின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மருந்துக்கு விரத தோஷம் கிடையாது என்று கோயில் பூசாரியும் சொல்லிவிட்டாராம். மாலை போடும் தேதியை மனைவி பீடி நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஈரல் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது.